மந்திக்கும் அட்லஸ் அந்துப்பூச்சிக்கும் ஒப்பிட ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது: இலை. இரண்டும் இலை தின்று வளர்பவை.

ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியாப் பக்கம் அடர்ந்த ரோமத்தோடு திரியும் ஊதாமுக மந்தியைக் கரடிக் குரங்கு என்றும் சொல்வார்கள். இலங்கையைத் தவிர வேறெங்கும் இந்த இனம் கிடையாது. அதன் வயிறு பல அறைகள் கொண்டது. உள்ளே பாக்டீரியாக்கள் இலையை நொதிக்க வைக்கும். அதனால்தான் தின்றுவிட்டு நெடுநேரம் கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும். சோம்பேறி என்று திட்டாதீர்கள், செரிமானம் நடக்கிறது.

அந்துப்பூச்சியோ புழுவாக இருக்கும்போதே சாப்பாட்டை முடித்துவிடும். இறக்கை முளைத்தபின் தின்ன வாயே இல்லை. சேமித்த கொழுப்பில் ஒன்றிரண்டு வாரம், அவ்வளவுதான். ஒருமுறை எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) லைட்டடியில் ஒன்று ஒட்டியிருந்தது. விரித்த கையைவிட அகலம், இறக்கை நுனி இரண்டும் அச்சு அசல் பாம்புத் தலை. விளக்குமாற்றோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.