பூச்சி தாங்குற செடியை நாமளே உருவாக்கலாமா? சுங்கை சிப்புட் தோட்டக்காரங்க கேள்வி பதில்

வீட்டுக் கொல்லையிலயும் செம்பனை ஓரத்துலயும் காய்கறி போடுறவங்க கேட்டதுக்கெல்லாம் சேத்து எழுதிட்டேன், கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

கேள்வி (பாலிபேக்ல மிளகா போடுற தம்பி): அண்ணே, பூச்சியே வராத மிளகா விதை எங்க கிடைக்கும்?

பதில்: அப்படி ஒரு விதை இல்ல தம்பி, இருக்குன்னு எவனாச்சும் சொன்னா காசை பாக்கெட்லயே வச்சுக்க. தாங்குற ரகத்துல மூணு விதம் இருக்கு. சிலதுல இலை முழுக்க சுணை, இல்ல வாசனை ஒத்துக்காது, பூச்சி உக்காந்து பாத்துட்டு போயிடும். சிலதை தின்னா பூச்சி வளராது, முட்டை குறையும். மூணாவது, பூச்சி நல்லா தின்னும், ஆனா செடி அசராம தளிர் விட்டு காய்ச்சிட்டே இருக்கும். எனக்கு இந்த மூணாவதுதான் பிடிக்கும், ஏன்னா பூச்சிக்கு அங்க தடையே இல்ல, அதனால அது மாறி வரணும்ங்கற அவசியமும் கிடையாது.

கேள்வி (லயத்து வீட்டு அக்கா): நான் வருசா வருசம் என் பயத்தங்கா விதையையே எடுத்து போடுறேன், அசுவினி மட்டும் குறையவே மாட்டேங்குதே?

பதில்: அக்கா, அந்த பாத்திக்கு மருந்து அடிச்சீங்களா? அடிச்சிருந்தா எல்லா செடியும் நல்லாதான் நிக்கும், எது தன் பலத்துல நிக்குது எது மருந்து தயவுல நிக்குதுன்னு எப்படி கண்டுபிடிப்பீங்க? விதைக்குன்னே ஒரு பாத்தி தனியா விடுங்க, அதுல மருந்து கிடையாது, கொஞ்சம் போனா போகட்டும். செடியும் நெறைய வேணும், நாலு செடியை வச்சுகிட்டு தேட முடியாது. இன்னொண்ணு, நம்ம ஆளுங்க நல்ல காயை எல்லாம் முதல்ல பறிச்சு குழம்பு வச்சுட்டு கடைசியா காஞ்சு தொங்குறதை விதைக்கு விடுவாங்க, அது அப்படியே தலைகீழ் வேலை! நல்லா காய்க்கும்போதே சுத்தமா நிக்கிற செடிக்கு ஒரு சிவப்பு துணி கட்டிடுங்க, அதுல கை வைக்காதீங்க. ஆனா அந்த செடி சும்மா தப்பிச்சதாவும் இருக்கலாம், அசுவினியை தூக்கிட்டு போற எறும்பு அந்த பக்கம் போகாம விட்டிருக்கும், அதனால அடுத்த தடவை அந்த விதையை அசுவினி மொய்க்கிற செடிங்களுக்கு நடுவுலயே போட்டு பாருங்க, அப்பவும் தாங்குனாதான் கணக்கு.

பயத்தங்கா பெரும்பாலும் தன் பூவுலயே காய் பிடிச்சுக்கும், விதை அதிகமா மாறாது. மிளகாய்க்கு தேனீ வந்து கலந்துடும், பூ விரியறதுக்கு முன்னாடியே கல்யாண வீட்டுல குடுக்குற சின்ன வலைப்பையை மாட்டிவிடுங்க. கடையில எஃப்1னு (ரெண்டு ரகத்தை கலந்த முதல் தலைமுறை விதை) போட்ட பாக்கெட் வாங்கினா அதோட பிள்ளைங்க ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது, அதை இப்பவே சொல்லிட்டேன்.

கேள்வி (பென்சன் வாங்குற டீச்சர்): ஒரு தடவை நல்ல ரகம் வந்துட்டா அதோட முடிஞ்சுதா?

பதில்: இல்ல டீச்சர். 1973ல பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து ஐஆர்26ன்னு ஒரு நெல் ரகம் வந்துச்சு, நெல்லுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சிக்கு நல்லா தாங்குச்சு, எல்லாரும் அதையே நட்டாங்க. ரெண்டு மூணு வருசத்துலயே அதை தின்னத் தெரிஞ்ச புகையான் பெருகிடுச்சு, ஏன்னா அதுல இருந்தது ஒரே ஒரு ஜீன். 1976ல ஐஆர்36 வந்து நிலைமையை சமாளிச்சுது. அந்த ஐஆர்36ல நெல்லோட குட்டை நோய் வைரஸை தாங்குற குணம் ஒண்ணு இருக்கு, அதுக்காக 6,000க்கு மேல நெல்லை சோதிச்சதுல உத்தரப் பிரதேசத்து காட்டு நெல் ஒண்ணுலதான் கிடைச்சுது. யாரும் சாப்பிடாத காட்டு நெல்லுன்னு அதை யாராச்சும் தூக்கி போட்டிருந்தா?

கேள்வி: காட்டுச்செடியோட கலந்தா காய் கெட்டுப்போகாதா பாஸ்?

பதில்: முதல் தலைமுறையில கெடும், சின்னதா கசப்பா வரும். அதனாலதான் நல்ல ரகத்தோடயே திரும்ப திரும்ப கலக்குறாங்க. நம்ம மலேசிய விவசாய ஆராய்ச்சி நிலையம் மார்டி 1987ல விட்ட எக்சோட்டிகா பப்பாளியும் இந்த வழிதான், சன்ரைஸ் சோலோவையும் நம்மூரு சுபாங் 6ஐயும் கலந்து, சன்ரைஸ் பக்கமே திருப்பி திருப்பி கலந்து எடுத்தது, அது பூச்சிக்காக இல்ல, பழத்துக்காக. ஆனா ருசி மட்டும் பாத்தா போதாது, விஷமும் பாக்கணும். அமெரிக்காவுல லெனாப்பேன்னு ஒரு உருளைக்கிழங்கு, காட்டு உருளை ரத்தம் கலந்தது, 1967ல விட்டாங்க, பூச்சியை விரட்டுற அந்த கசப்புச் சத்து கிழங்குல ஏறிப்போய் 1970ல திரும்ப எடுத்துட்டாங்க.

கேள்வி (தாமான்ல தக்காளி வைக்கிற அம்மா): விதை பாக்கெட்ல "என்"னு எழுத்து இருக்கு, வேர்ப்புழு (கண்ணுக்கு தெரியாத நூற்புழு) வராதுன்னாங்க, ஆனாலும் வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கேப்பா?

பதில்: அந்த எழுத்து பொய் இல்லம்மா. பெரு நாட்டு காட்டுத் தக்காளியில இருந்து வந்த ஜீன் அது, ஆனா மண் 28 டிகிரிக்கு மேல சூடானா வேலை செய்யாது. நம்ம வெயில்ல கறுப்பு பாலிபேக் எப்படி கொதிக்கும்? வெட்டுன லாலான் புல்லை மேல மூடி நிழல்ல வைங்க. கத்திரிக்கு இதைவிட லேசான வழி, சுண்டைச் செடியில ஒட்டு கட்டிடுங்க, வேர்ப்புழுவுக்கும் வாடல் நோய்க்கும் சுண்டை வேர் நல்லா தாங்கும்.

கேள்வி: கசக்காத வெள்ளரி நல்லதா கசக்குறது நல்லதா?

பதில்: கசப்பு இலையில சிலந்திப்பேன் கம்மி, ஆனா வெள்ளரி வண்டுக்கு அந்த கசப்புதான் விருந்து. எது உங்களுக்கு தொல்லையோ அதுக்கு ஏத்தமாதிரி பாத்துக்குங்க.

கேள்வி (மறுபடியும் மிளகா தம்பி): சுருட்டை வராத செடியை எப்படிண்ணே பொறுக்குறது?

பதில்: முதல்ல சுருட்டுறது யாருன்னு பாரு. இலை மேல் பக்கமா படகு மாதிரி சுருண்டா இலைப்பேன், கீழ் பக்கமா மடங்குனா சிலந்திப்பேன். ரெண்டையும் ஒண்ணா கலந்து பொறுக்காத, ஒண்ணுக்கு தாங்குறது இன்னொண்ணுக்கு தாங்கும்னு கிடையாது.