தார்ப்பாய்க் கூடாரம் தைக்கப் போகிறவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

என் டென்ட் இரண்டரைக் கிலோ, அண்ணா. முதுகு ஒடிகிறது. ஒரு ஆளுக்குத் தார்ப்பாய் தைத்தால் என்ன அளவு, எவ்வளவு எடை?

துணி ஒன்றரை மீட்டர் அகலத்தில் வரும். அதை அப்படியே தைத்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், ஒட்டுத் தையல் மிச்சம் பாருங்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. நடுவில் முகடு வைத்தால் இரு பக்கமும் முக்கால் மீட்டர்தான். முகட்டை 60 செ.மீ. உயரத்தில் கட்டினாலே தரையில் கிடைப்பது 90 செ.மீ. உட்கார முடியாது, புரண்டால் நனைவீர்கள். 2.4 மீட்டர் அகலம் எடுத்தால் முகடு ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும், தரையில் 1.3 மீட்டர் இடம் இருக்கும். நீளம் 3 மீட்டர். சதுர மீட்டருக்கு 50 கிராம் வரும் சில்நைலான் (சிலிக்கான் பூசிய நைலான் துணி) என்றால் துணி மட்டும் 360 கிராம். கயிறு, முளை எல்லாம் சேர்த்தாலும் அரைக் கிலோவைச் சுற்றித்தான்.

பிரமிடு, முகடு வளைத்து வெட்டியது, சாதாரணச் செவ்வகம்: எதைத் தைப்பது?

முதல் தார்ப்பாய் செவ்வகம்தான். இதில் நான் பிடிவாதக்காரன். வளைத்து வெட்டிய முகடு (சங்கிலியைத் தொங்கவிட்டால் வரும் வளைவு அது) காற்றில் படபடக்காமல் விறைப்பாக நிற்கும், உண்மை. ஆனால் அதை ஒரே மாதிரிதான் கட்ட முடியும். செவ்வகத்தை மழைக்கு ஓட்டுக்கூரை போல இரு சரிவாக இறக்கலாம். காற்று ஒரே பக்கமிருந்து வந்தால் ஒரு மூலையைக் காற்றின் முகத்தில் தரையோடு அடித்து, எதிர்மூலையை டிரெக்கிங் கம்பில் தூக்கலாம். மழை இல்லாத மார்கழி இரவில் பனி மட்டும் தலையில் இறங்காமலிருக்க ஒற்றைச் சாய்ப்பு போதும். நாலைந்து இரவு படுத்தால் உங்களுக்கு எது தேவை என்று தானே தெரியும். பிரமிடு சுற்றிலும் மூடுவதால் காற்றுக்கு நல்லது. ஆனால் கம்பு நட்டநடுவில் நிற்கும், தைக்கவும் கோணல் வெட்டு அதிகம்.

எங்கள் தெருத் தையல்காரர் "இந்தத் துணி வழுக்குது"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார், சார்.

அவர்மேல் தப்பில்லை. மீன்செதில் போல வழுக்கும். குண்டூசி குத்தாதீர்கள், ஒவ்வொரு ஓட்டையும் ஒழுகும். பேப்பர் கிளிப் போட்டுப் பிடித்துக் கொடுங்கள். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் மக்கிவிடும். இரண்டு துணியை ஒட்டும் இடத்தில் ஜீன்ஸ் கால் தையல் போல ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரண்டு வரி ஓட்டச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். மூலைகளிலும் கயிறு கட்டும் இடங்களிலும் அதே துணியில் இரண்டாவது அடுக்கு வைக்க வேண்டும்.

தைத்த பிறகு தையலை அடைப்பதை மறக்காதீர்கள். நான் மறந்தேன். முகட்டுத் தையலில் ஊறிய மழை, கொடைக்கானல் மேல்மலையில் ஒரு இரவு முழுக்க நிதானமாக என் மூக்கின்மேல் சொட்டியது. பெயின்ட் கடை டர்பென்டைனில் நிறமற்ற சிலிக்கான் பசையைக் கரைத்து, பிரஷ்ஷால் தையல் மேல் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். சிலிக்கான் பூச்சுத் துணிக்குத்தான் இது ஒட்டும்.

துணி வாங்குமுன் சோதித்துப் பார்க்க வழி உண்டா, அண்ணா? காசு வீணாகுமோ என்று பயம்.

கடைத்தெருவில் விற்கும் நீல நிறத் தார்ப்பாயை வாங்கி மொட்டைமாடியில் கட்டிப் பாருங்கள். எடை அதிகம்தான், சோதனைக்குத்தானே. வேண்டிய இடத்தில் கயிறு கட்டும் கண்ணி இல்லையா? கோலிக்குண்டு அளவு கூழாங்கல்லைத் துணிக்கு அடியில் வைத்து, மேலிருந்து துணியோடு சேர்த்துக் கழுத்தில் சுருக்கு முடிச்சுப் போட்டு இழுங்கள். இழுக்க இழுக்க இறுகும், ஓட்டையும் விழாது.

மாலை விறைப்பாகக் கட்டியது, நள்ளிரவில் தொளதொளவென்று தொங்குகிறது. முடிச்சுத் தவறா?

முடிச்சு அல்ல, நைலான். ஈரம் குடித்தால் நீளும். படுக்கும் முன் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர் இந்த அளவுக்குத் தொங்காது.

மேலே ஒழுகவில்லை, ஆனாலும் படுக்கை நனைந்துவிட்டது. எப்படி?

விரிப்பின் ஓரம் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கும். இறவாணத்துத் தண்ணீர் அதில் விழுந்து நேரே உங்கள் முதுகுக்கடியில் வரும். விரிப்பை நாலு பக்கமும் ஒரு சாண் உள்ளே தள்ளுங்கள். மரத்தில் கட்டிய முகட்டுக் கயிறு வழியாகவும் தண்ணீர் நடந்து வரும். தார்ப்பாய்க்குச் சற்று முன்பாக அந்தக் கயிற்றில் ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் அங்கேயே சொட்டிவிடும். பள்ளமான இடத்தில் படுத்திருந்தால் இரண்டும் உதவாது.

ரத்தம் குடிக்கும் அட்டைக்கு?

தார்ப்பாய் ஒன்றும் செய்யாது, தங்கச்சி. அட்டைக் காலத்தில் அடிப்பாகம் தைத்த கொசுவலையை உள்ளே தொங்கவிட வேண்டும். அந்த எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளேயே அடுப்பு மூட்டலாமா?

வேண்டாம். நைலான் உருகிச் சொட்டினால் தோலில் ஒட்டிக்கொள்ளும்.