ஓவர்லாக் மெஷின்: பழசைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா?

ஓவர்லாக் என்பது துணியின் ஓரத்தை வெட்டி, பிசிறு வராமல் சுற்றித் தைக்கும் மெஷின். அதைப் பற்றிய கேள்விகளுக்கு, திருப்பூரில் பனியன் கம்பெனி மெஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணா, வீட்டில் நைட்டி, சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். பல வருடம் ஓடிய மூன்று நூல் ஓவர்லாக் இப்போது தையல் விட்டு விட்டு விழுகிறது. "ஆயுசு முடிஞ்சுபோச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார் பக்கத்துக் கடை மெக்கானிக். வாங்கிவிடட்டுமா?

பதில்: தையல் விடுகிறது என்பதற்காக மட்டும் மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள், தங்கச்சி. முதலில் ஊசியை மாற்றுங்கள். அதே ரகம்தான் போட வேண்டும். கம்பெனி மெஷின்களில் பெரும்பாலும் டிசி 27 ஊசி. உங்களுடையதற்கு எது என்று பழைய ஊசி உறையைப் பார்த்து வாங்குங்கள். ரகம் மாறினால் நீளம் மாறும், லூப்பர் (ஊசியோடு சேர்ந்து நூலைப் பின்னும் கொக்கி) நூலைப் பிடிக்காமல் போய்விடும். ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றித் திருகை இறுக்குங்கள். பனியன் துணி தைப்பதாக இருந்தால் நுனி உருண்ட ஊசி போட வேண்டும்.

அப்புறம் எல்லா நூலையும் உருவிவிட்டுப் புதிதாகக் கோருங்கள். லூப்பர் நூல்கள் முதலில், ஊசி நூல் கடைசியில். டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் பஞ்சையும் எடுத்துவிடுங்கள். என்னிடம் "செத்துப்போச்சு" என்று வரும் மெஷின்களில் நிறைய இந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் லூப்பர் நுனி மழுங்கியிருக்கலாம், டைமிங் (ஊசியும் லூப்பரும் சந்திக்கும் நேரம்) நகர்ந்திருக்கலாம். இரண்டும் பழுதுதான், சரிசெய்துவிடலாம். பயப்பட வேண்டியது தேய்மானத்துக்கு. அதை நீங்களே பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வீலை அசையாமல் பிடித்துக்கொண்டு, லூப்பரை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஊசிக்கம்பியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் உள்ளே ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் வளையமான புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. அப்படிப்பட்ட மெஷினுக்கு எத்தனை முறை டைமிங் வைத்தாலும் நிற்காது. ஆட்டம் இல்லையென்றால் உங்கள் மெஷின் இன்னும் நன்றாக உழைக்கும். வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.

கேள்வி: சார், ஓரம் பிசிறு பிசிறாக வெட்டுகிறது. கத்தி மாற்றும் செலவுக்குப் புதுசே வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கத்தி தேய்வதற்கென்றே இருக்கிற பொருள். பெரும்பாலும் அசையாத கீழ்க்கத்திதான் முதலில் மழுங்கும். சாணை பிடிக்கலாம், மாற்றினாலும் பெரிய செலவில்லை. மாற்றும்போது கீழ்க்கத்தியின் வெட்டுமுனை ஊசித் தட்டின் மேல்மட்டத்துக்குச் சரியாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: அண்ணே, வேளச்சேரியில் கடை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் என் இண்டஸ்ட்ரியல் ஓவர்லாக் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. அப்போதிருந்து மூடியே வைத்திருக்கிறேன். தேறுமா?

பதில்: கேட்கவே வருத்தமாக இருக்கிறது, தம்பி. தயவுசெய்து ஸ்விட்ச் போட்டுவிடாதீர்கள். அடியில் இருக்கும் எண்ணெயை முதலில் இறக்கிப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இவ்வளவு நாள் அப்படியே நின்றதால் ஷாஃப்ட்டில் துரு ஏறியிருக்கும். வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால், முழுக்கப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் ஊற்றிக் கையாலேயே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. மோட்டாரைத் தனியாகக் கொடுத்து ரீவைண்டிங் செய்யலாம். வீல் இறுகிப்போய் நின்றால் அதற்கு மேல் பணம் போடாதீர்கள். டேபிள், ஸ்டாண்ட், நூல் கம்பி இவற்றை வைத்துக்கொண்டு தலையை, அதாவது தைக்கும் பாகத்தை மட்டும் வேறு வாங்குங்கள். வெள்ளத்தில் மாட்டியவர்கள் பலர் இதை யோசிக்காமல் முழு செட்டையும் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அக்கா அனுப்பிய வீட்டு ஓவர்லாக். 110 வோல்ட். இங்கே நேராகச் சொருகியதில் புகை வந்து நின்றுவிட்டது.

பதில்: நம் ஊர் 230 வோல்ட்டை அது தாங்காது. மோட்டாரோ, கால் பெடலில் உள்ள போர்டோ போயிருக்கும். பெடல் மட்டும் என்றால் சரிசெய்துவிட்டு, மெஷினின் வாட்ஸைப் போல இரண்டு மடங்கு தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுங்கள். மோட்டாரே எரிந்திருந்தால், அதே மோட்டார் இங்கே கிடைக்குமா என்று கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். ஸ்பேர் கிடைக்காத நல்ல மெஷினைவிட, ஸ்பேர் கிடைக்கிற சுமாரான மெஷின் மேல். சிருபா 747 மாதிரியான தைவான் மெஷின்களும் அவற்றைப் பார்த்துச் செய்த சீன மெஷின்களும் இங்கே இவ்வளவு நாள் ஓடுவதற்குக் காரணமே, அவற்றின் லூப்பரும் ஊசித் தட்டும் துணியை நகர்த்தும் பல்லும் சுலபமாகக் கிடைப்பதுதான்.

கேள்வி: எவ்வளவு செலவு வரை ரிப்பேர் செய்யலாம், அண்ணா? ஒரு கணக்கு சொல்லுங்கள்.

பதில்: எல்லோரும் புது மெஷின் விலையோடு ஒப்பிடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. உங்கள் மாடலே, நன்றாக ஓடுகிற நிலையில், செகண்ட்ஹேண்டில் என்ன விலை என்று விசாரியுங்கள். ரிப்பேர் செலவு அதில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். தாண்டவில்லை, ஷாஃப்ட்டிலும் ஆட்டம் இல்லை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். மெக்கானிக்கிடம் எந்தெந்தப் பாகம் மாற்றுகிறார் என்று எழுதி வாங்குங்கள். "மொத்தமா இவ்வளவு" என்கிற பேச்சுக்குச் சரி சொல்லாதீர்கள்.

கேள்வி: மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. சத்தமும் கரண்ட் பில்லும்தான் தாங்கவில்லை. பழைய டெக்னாலஜி என்பதால் மாற்றிவிடலாமா?

பதில்: துணியின் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் மெஷினை அமெரிக்காவில் மெர்ரோ கம்பெனி 1881-லேயே செய்துவிட்டது. ஊசியும் லூப்பரும் சேர்ந்து செய்யும் வேலை இன்றும் அதேதான். உங்களுக்குப் பிரச்சினை கிளட்ச் மோட்டார். நீங்கள் தைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதிக்கும்போது மட்டும் சுற்றும். மோட்டாரை மட்டும் மாற்றுங்கள், போதும்.

கேள்வி: டெய்லரிங் கிளாஸ் முடித்திருக்கிறேன். வீட்டுக்குப் புது சின்ன மெஷினா, கம்பெனியில் ஓடிய பழைய பெரிய மெஷினா?

பதில்: வாரத்துக்கு நாலைந்து துணி என்றால் சின்னது போதும்மா. வீட்டு மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 1,300 தையல்தான் போடும், பழகவும் பயமிருக்காது. தினமும் ஆர்டர் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பெரியதுதான். பனியன் துணிக்கு நாலு நூல் மெஷினாகப் பாருங்கள். டிஃபரன்ஷியல் ஃபீட் (முன் பல்லும் பின் பல்லும் வேறு வேறு அளவில் துணியை நகர்த்தும் அமைப்பு) வேலை செய்கிறதா என்று துணி வைத்துத் தைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் ஓரம் அலை அலையாக விரியும். துணி இல்லாமலும் ஓட்டுங்கள். நூல் சங்கிலி அறுந்துபோகாமல் சீராக வர வேண்டும். தைத்த துணியில் எண்ணெய்க் கறை இருக்கிறதா பாருங்கள்.

முக்கியமாக மோட்டாரைப் பாருங்கள். கம்பெனி மெஷின்கள் நிறைய த்ரீ பேஸில் ஓடுபவை. உங்கள் வீட்டில் சிங்கிள் பேஸ் என்றால், பேரம் பேசும்போதே சிங்கிள் பேஸ் மோட்டாராக மாற்றித் தரச் சொல்லுங்கள்.