கோப்ளின்களுக்கு இருட்டில் கண் தெரிந்தால் பதுங்க முடியாதா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டில், இருட்டறையில் உங்கள் திருடன் பாத்திரம் பீப்பாய்க்குப் பின்னால் பதுங்க முயன்றபோது, "கோப்ளின்கள் எனும் குட்டி அரக்கர்களுக்கு இருட்டில் கண் தெரியும்" என்று சொல்லி ஆட்டத்தை நடத்துபவர் பகடையே உருட்ட விடவில்லை என்கிறீர்கள். விளையாட்டின் 2014 விதிப்படி அது சரியல்ல. டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) உள்ள கண்ணுக்குக் கும்மிருட்டு மங்கலான வெளிச்சமாகத் தெரியும், அவ்வளவுதான். பீப்பாயை ஊடுருவிப் பார்க்க முடியாது. அந்த மங்கலில், பகடை உருட்டாமலே கணக்கில் கொள்ளும் கவனிப்பு மதிப்பு 5 குறையும். கோப்ளினுக்கு வழக்கமாக 9, அப்போது வெறும் 4! உங்கள் ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) உருட்டல் அதற்கும் கீழே போவது அபூர்வம். வெட்டவெளியில் நின்றிருந்தால் மட்டுமே அவர் சொன்னது நியாயம்.

அம்பு விட்டதும், பட்டாலும் படாவிட்டாலும், உங்கள் இருப்பிடம் தெரிந்துவிடும். அதே பீப்பாயை நம்பாமல் வேறு மறைவுக்கு ஓடிப் பதுங்குங்கள். இரண்டாம் நிலையிலிருந்து பதுங்குவதற்குத் திருடனுக்கு, வழக்கமான செயலோடு கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனே போதும்.