நூலக அட்டை இருந்தும் பிரஸ்ரீடர் பணம் கேட்கிறதா?

வணக்கம் அக்கா. சாட்ஸ்வர்த்தில் நூலக அட்டை வைத்திருந்தும், செய்தித்தாள்களைப் படிக்க உதவும் பிரஸ்ரீடர் செயலியில் அப்பாவுக்காகச் சண்டே டைம்ஸைத் திறந்தால் பணம் கேட்கிறது என்றீர்கள். மின்னஞ்சல் கொடுத்து நுழைந்ததுதான் கோளாறு என்று நினைக்கிறேன். அது சாதாரண வாடிக்கையாளர் கணக்கு. வெளியேறிவிட்டு, உள்நுழையும் பக்கத்தில் நூலகம் அல்லது குழு என்ற வழியைத் தொட்டு உங்கள் நூலகத்தின் பெயரைத் தேடுங்கள். அப்புறம் அட்டையில் பார்கோடுக்குக் கீழே உள்ள எண்ணை இடைவெளி விடாமல் முழுதாக அடியுங்கள், கேட்டால் பின் நம்பரையும். பெயரே வரவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் நூலகம் பிரஸ்ரீடருக்குச் சந்தா கட்டியிருக்காது, அட்டைமேல் பழியில்லை. நூலக அட்டையால் மின்நூல்களையும் இதழ்களையும் இரவல் வாங்க உதவும் லிபி செயலியிலும் தேடிப் பாருங்கள்; அங்கே இதழ்களுக்குக் காத்திருப்பு வரிசை கிடையாது. அட்டை காலாவதி என்றால் கவுன்டருக்குத்தான் போக வேண்டும். அப்பாவுக்குக் கண் சிரமம் என்றால், பிரஸ்ரீடரே செய்தியை வாசித்தும் காட்டும்.