புட்டும் குழலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிலக்கரிக் காடுகள் பற்றிய உங்கள் கட்டுரையில் கலமைட்டிஸ் என்ற குதிரைவால் மரம் வந்தது. நாங்கள் உப்புமா கிண்டும் குதிரைவாலிக்கு அதுதான் பாட்டனா? நெய்வேலி நிலக்கரி அதிலிருந்து வந்ததா? சென்ற வருடம் ஜெர்மனியில் மகன் வீட்டுக்குப் போனபோது, ஓர் அருங்காட்சியகத்தில் அதன் அடிமரத் துண்டைத் தொட்டுப் பார்த்தேன். பட்டையில் நெடுக வரிகள், கரும்பைப் போலக் கணுக்கள். 30 கோடி வருடம் பட்டை உரியாமல் இருக்குமா? படம் இணைத்திருக்கிறேன்.

ச., நாகர்கோவில்

அன்புள்ள அம்மா,

முதல் குழப்பத்துக்குக் குற்றவாளி நான்தான். ஹார்ஸ்டெயில் (horsetail) என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கி ‘குதிரைவால்’ என்று எழுதிவிட்டேன். ஓர் இகரம் கூடினால் அது அடுப்புக்குப் போய்விடும் என்று யோசிக்கவில்லை. நம் குதிரைவாலி ஒரு புல். பூக்கும், மணி பிடிக்கும். கலமைட்டிஸ் நின்ற காலத்தில் உலகில் பூவே கிடையாது. பெரணிகளைப் போல, விதையில்லாமல் ஸ்போர் என்ற நுண்ணிய துகள்களால் பெருகிய இனம் அது.

அதன் உறவில் இன்று மிஞ்சியிருப்பது ஈக்விசிட்டம் என்ற ஒரே பேரினம். நீலகிரியில் ஓர் ஓடைக்கரையில் பார்த்தேன். முழங்கால் உயரம், இலை என்று சொல்ல ஒன்றுமில்லை, கணுவுக்குக் கணு பல் வைத்த ஒரு சிறிய உறை மட்டும். இழுத்தால் கணுவில் கழன்று வருகிறது. திரும்பச் செருகினால் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கிறது. விரலில் தேய்த்தால் உப்புத்தாள்போல அராவுகிறது, தண்டில் அவ்வளவு சிலிக்கா. ஐரோப்பாவில் இதை வைத்துப் பாத்திரம் துலக்கியிருக்கிறார்கள். இந்தச் செடியின் உறவில் 20 மீட்டர் உயர மரம் ஒன்றை நினைத்துப் பாருங்கள்.

நெய்வேலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே கிடைப்பது பூக்கும் மரங்களின் காலத்துப் பழுப்பு நிலக்கரி, மிக இளையது. மேற்கு வங்கத்து ராணிகஞ்ச் நிலக்கரி பழையதுதான். ஆனால் அங்கே கோலோச்சியது குளோசாப்டெரிஸ் என்ற, இன்று அழிந்துபோன விதைத் தாவரம். அதன் கூடவே சைசோநியூரா என்ற குதிரைவால் இனமும் கிடைக்கிறது.

இனி உங்கள் படம். நீங்கள் தொட்டது பட்டையும் இல்லை, மரமும் இல்லை. உங்கள் ஊரில் மூங்கில் குழலில் புட்டு அவிப்பார்களே, அந்தக் கல் புட்டு. குழல் எப்போதோ போய்விட்டது. கலமைட்டிஸின் நடுத்தண்டு பொள்ளல், சுற்றிலும்தான் மரம். வெள்ளத்தில் புதைந்தபோது பொள்ளலுக்குள் வண்டல் இறங்கி இறுகியது. வெளியே இருந்த மரம் அழுகி, பல இடங்களில் மெல்லிய கரிப்படலமாக மட்டும் ஒட்டியிருக்கும். நீங்கள் பட்டை என்று நினைத்த வரிகள், நீர் கடத்திய நாளங்கள் உட்சுவரில் புடைத்திருந்ததன் பதிவு. கணுவில் கல் இடுங்கியிருக்கும் இடத்தில் குறுக்குத் தடுப்பு இருந்தது. வெளிப்பட்டை எப்படி இருந்தது என்று இந்தக் கல்லைக் கேட்டுப் பயனில்லை.

1828-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரோஞ்னியார் கலமைட்டிஸ் என்ற பேரினத்தை நிறுவினார். பெயரின் வேர் நாணலைக் குறிக்கும் சொல். பிறகுதான் வேடிக்கை. இலைக்கொத்து தனியாகக் கிடைத்தது, அதற்கு அன்னுலேரியா என்று பெயர். கூம்பு கலமோஸ்டேக்கிஸ், வேர் ஆஸ்ட்ரோமைலான். ஒரே ஆளுக்கு நாலு ரேஷன் கார்டு! எல்லாம் ஒரே வகைத் தாவரத்தின் உறுப்புகள் என்று தெரிந்த பிறகும் எந்தக் கார்டையும் ரத்து செய்யவில்லை. எனக்கு இதில் குறையொன்றும் இல்லை. எந்த இலை எந்தத் தண்டில் இருந்தது என்று உறுதியாகத் தெரியாதபோது ஒன்றாக ஒட்டிவைப்பதைவிட இது நேர்மை.

மரத்தையே பார்க்க வேண்டுமென்றால் அடுத்த முறை கெம்னிட்ஸ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். அங்கே இருப்பது சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த காடு, மரக்கட்டையே கல்லாகியிருக்கிறது. அங்கே பெயர்ப் பலகையில் கலமைட்டிஸ் என்று தேடாதீர்கள். கட்டைக்கு ஆர்த்ரோபிட்டிஸ் என்று ஐந்தாவது கார்டு உண்டு.

உங்கள் படத்தில் கணுப்பகுதி வெளிச்சத்தில் வெளிறிவிட்டது. வேறு படம் இருந்தால் அனுப்புங்கள். கலமைட்டிஸில் வரிகள் கணுவைத் தாண்டும்போது சற்று விலகி, மேல்வரிகளின் இடுக்கில் கீழ்வரிகள் வந்து நிற்கும். விலகாமல் நேராக ஓடினால் அது ஆர்க்கியோகலமைட்டிஸ், இன்னும் மூத்த உருப்படி.