ஸ்பிட்ஃபயரிலிருந்து லண்டன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினியில் ஸ்பிட்ஃபயர் விமானத்தை ஓட்டி லண்டன் நகரத்தின்மேல் பறப்பதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையை வாசித்தபின், நானும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கான ஸ்பிட்ஃபயர் மார்க் 9 விமானத்தை வாங்கி மூன்று வாரங்களாக ஓட்டிவருகிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஓர் உறுத்தல் விடாமல் தொடர்கிறது. நான் அமர்ந்திருப்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானம். கீழே தெரிவதோ 2012இல் கட்டி முடிக்கப்பட்ட ஷார்ட் கோபுரம். தாழப் பறக்கும் எதிரி விமானங்களை மறிக்கக் கம்பியில் கட்டி உயரே விடும் தடுப்பு பலூன்கள் இல்லை, இரவில் நகரத்து விளக்குகளை மறைக்கும் இருட்டடிப்பு இல்லை, எதிரி இல்லை. காலம் பொருந்தாத இந்தக் காட்சி, அந்தப் போரில் மாண்டவர்களை ஓர் உல்லாசப் பயணத்தின் பின்னணியாக ஆக்கிவிடுகிறதோ என்று தோன்றுகிறது. வரலாற்றை மதிப்பவன், ஜெர்மானிய விமானங்கள் லண்டனைத் தாக்கிய 1940ஐ அப்படியே காட்டும் போர் விளையாட்டுகளைத்தானே நாடவேண்டும்?

இன்னொரு சிறு சந்தேகம். ஓடுபாதையைச் சென்றடைவதற்குள் பெரும்பாலும் என்ஜின் கொதித்து நின்றுவிடுகிறது. குறை மென்பொருளிலா, என்னிடமா?

ர.,
திருச்சி

அன்புள்ள ர. அவர்களுக்கு,

என்ஜின் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது ஸ்பிட்ஃபயரின் பிறவிக் குணம். மெர்லின் என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்கள் இறக்கைகளின் அடியில் உள்ளன. பறக்கும்போது அவற்றினூடே காற்று பாய்ந்துகொண்டே இருக்கும்; தரையில் ஊர்ந்து செல்லும்போது போதிய காற்று கிடைப்பதில்லை, போதாக்குறைக்குச் சக்கரத்தின் கால் வேறு காற்றை மறிக்கிறது. அக்காலத்து விமானிகளும் வெப்பமானியில் ஒரு கண் வைத்தபடியேதான் புறப்பட்டார்கள். என்ஜினை இயக்கியபின் தாமதிக்காதீர்கள். காத்திருக்க நேர்ந்தால் காற்று வீசும் திசையை நோக்கி மூக்கைத் திருப்பி நில்லுங்கள். அந்த நீண்ட மூக்கு முன்வழியை முற்றிலும் மறைப்பதால், தரையில் இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் செல்லவேண்டும்.

உங்கள் முதல் கேள்வி என்னையும் நெடுநாள் அலைக்கழித்தது. ஒரு திருத்தத்திலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் ஓட்டும் மார்க் 9, 1940இல் கிடையாது. அது 1942இன் நடுப்பகுதியில்தான் படைக்கு வந்தது. லண்டனைக் காத்த ஸ்பிட்ஃபயர்கள் பெரும்பாலும் மார்க் 1 வகையைச் சேர்ந்தவை. ஆகவே கீழே இருக்கும் நகரத்தை 1940க்கு மாற்றிவிட்டாலும் உங்கள் விமானம் அதற்குப் பொருந்தாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பொருத்தம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்காகச் சொல்கிறேன்.

போர் விளையாட்டுகளை நான் ஒதுக்குபவன் அல்லன். 2011இல் வெளிவந்த ஐஎல்-2 கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் 1940ஆம் ஆண்டின் ஆங்கிலக் கால்வாயையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் உருவாக்கிக் காட்டுகிறது. அதில் பல இரவுகளைச் செலவிட்டிருக்கிறேன். ஆனால் அங்கே எதிரியைத் தேடி என் கண்கள் சூரியன் இருக்கும் திசையிலும் பின்நோக்குக் கண்ணாடியிலுமே இருந்தன. கீழே இருந்த நிலத்தை ஒருமுறைகூட நிதானமாகப் பார்த்ததில்லை. உண்மையான விமானிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு விமானி எதைப் பார்த்தான் என்பதை அறிய அந்த விளையாட்டு உதவும். போர் எந்த இடத்தில், எவ்வளவு தூரத்துக்குள், எவ்வளவு நேரத்துக்குள் நடந்தது என்பதை எனக்கு உணர்த்தியது, ஒரு குண்டும் வெடிக்காத, இன்றைய லண்டனைக் காட்டும் இந்தச் சிமுலேட்டர்தான்.

பிகின் ஹில்லிலிருந்து புறப்பட்டுப் பாருங்கள். போரில் முன்னணியில் நின்ற அந்தத் தளம் இன்றும் விமான நிலையமாக இயங்குகிறது. இன்றும் அங்கே ஸ்பிட்ஃபயர்கள் பறக்கின்றன. அங்கிருந்து செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம் சுமார் 22 கிலோமீட்டர். மணிக்கு 385 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நான்கு நிமிடம்கூட ஆவதில்லை. பிறகு ஒருமுறை டோவர் கடற்கரையிலிருந்து கிளம்பி, ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானத்தின் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டரில், லண்டனை நோக்கிச் செல்லுங்கள். இருபது நிமிடங்களைச் சற்றே தாண்டும்போது நகரம் உங்கள் அடியில் இருக்கும். மார்க் 1 ஸ்பிட்ஃபயர் 20,000 அடி உயரத்தை எட்டுவதற்கே எட்டு நிமிட அளவில் தேவைப்பட்டது. அதன் எட்டுத் துப்பாக்கிகளிலும் இருந்த குண்டுகள் தொடர்ந்து சுட்டால் பதினைந்து வினாடிகளில் தீர்ந்துவிடும். எதிர்த்தரப்பின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்களுக்கோ, திரும்பிச் செல்லத் தேவையான எரிபொருளை ஒதுக்கியபின், லண்டனின்மேல் போரிட ஏறத்தாழப் பத்து நிமிடங்களே மிஞ்சின. இந்த எண்களையெல்லாம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே புத்தகங்களில் படித்திருந்தேன். லண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள கென்ட் வயல்கள் முடிந்து புறநகர் வீடுகள் தொடங்குவதை அந்தச் சிறிய காக்பிட்டிலிருந்து கண்ட அன்றுதான், காப்பவனுக்கும் தாக்குபவனுக்கும் இருந்த அவகாசம் எவ்வளவு குறுகியது என்பது என் உடம்புக்கு உறைத்தது.

இனி ஷார்ட் கோபுரத்துக்கு வருகிறேன். இன்றைய லண்டன் அந்தப் போரை மறைக்கிறது என்று நினைக்கிறீர்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. 1940ஆம் ஆண்டு கோடைக்கால லண்டனை எவரேனும் கல் கல்லாக மறுபடைப்புச் செய்தாலும், அதில் நாம் காணப்போவது அடிபடுவதற்கு முந்தைய நகரத்தை. அடிபட்ட வடு இன்றைய நகரத்தில்தான் இருக்கிறது. செயின்ட் பால் குவிமாடத்துக்குச் சற்று வடக்கே 2,000 அடி உயரத்தில் வட்டமிட்டுப் பாருங்கள். சுற்றிலும் இடைக்காலத்துத் தெருக்கள் கோணல்மாணலாக நெருங்கிக் கிடக்க, நடுவே மட்டும் மூன்று உயர்ந்த கோபுரங்களும் நீண்ட கான்கிரீட் அடுக்குகளும் ஒரு குளமும் அகன்ற முற்றங்களுமாக முற்றிலும் வேறொரு ஒழுங்கு தெரியும். அது பார்பிகன் குடியிருப்பு. 1940 டிசம்பர் 29 இரவில் பெய்த தீக்குண்டுகள் அந்தப் பகுதியைச் சாம்பலாக்கின. தேம்ஸ் நதியில் அன்று நீர் மிகவும் தாழ்ந்திருந்ததால் தீயணைப்புப் படையினரால் போதிய நீரை இறைக்க முடியவில்லை. அந்தக் கிரிப்பிள்கேட் வட்டாரத்தில் 1951இல் வசித்தவர்கள் வெறும் 48 பேர். வெறுமையாகிப்போன அந்த நிலத்தில்தான் பார்பிகன் எழுந்தது. கட்டடங்களுக்கு நடுவே செயின்ட் கைல்ஸ் தேவாலயம் தனியாக நிற்பதையும் காண்பீர்கள். அது எரிந்து, மீண்டும் கூரையிடப்பட்டது. இந்த வேற்றுமையைத் தரையில் நடந்து கண்டுகொள்வது கடினம், மேலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

எல்லாப் புதிய கட்டடங்களையும் இப்படிப் படித்துவிடக் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். 1940 செப்டம்பர் 7 அன்று எரிந்த துறைமுகப் பகுதியில் இன்று கேனரி வார்ஃப் கோபுரங்கள் நிற்கின்றன. ஆனால் அந்தத் துறைமுகம் போருக்குப் பின்னரும் இயங்கியது. கொள்கலன் கப்பல்களின் காலம் வந்தபோதுதான் வழக்கொழிந்து, 1980 வாக்கில் மூடப்பட்டது. மாறாதது நதியின் வளைவு. குண்டுவீச வந்தவர்களுக்கு எந்த இருட்டடிப்பாலும் மறைக்க முடியாத வழிகாட்டியாக இருந்த அதே வளைவைப் பிடித்துத்தான் நீங்களும் நானும் இன்று வழி அறிகிறோம்.

இந்தக் காட்சியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது, நீங்கள் கேட்காவிட்டாலும், முக்கியமானது. விமானத்திலிருந்து பல கோணங்களில் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்த படங்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் கணித்து, அந்தப் படங்களையே மேற்பரப்பாகப் போர்த்துவது ஃபோட்டோகிராமெட்ரி முறை. லண்டனின் மையம் அவ்வாறு உருவானது. அத்தகைய படங்கள் இல்லாத இடங்களில், மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தைக் கொண்டு கட்டடத்தின் வடிவத்தை மென்பொருள் ஊகிக்கிறது. அதனால் தெருக்களின் அமைப்பை நம்பலாம், சுவர்களை நம்ப வேண்டாம். 500 அடிக்குக் கீழே இறங்கினால் மரங்கள் உருகிய மெழுகுபோலத் தெரியும், சில பாலங்களின் அடிப்பகுதி அடைபட்டிருக்கும்.

மாண்டவர்களைப் பற்றிய உங்கள் உறுத்தலை நான் எளிதாகக் கடந்துவிட விரும்பவில்லை. அச்சம் என்ற ஒன்று இந்த நாற்காலியில் இல்லை. அதை எந்த மென்பொருளும் தரப்போவதில்லை. நான் செய்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு முறையும் ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கே என்ன நடந்தது என்பதைப் படித்துவிட்டுப் புறப்படுகிறேன். சென்னை மாகாணம் அளித்த போர்நிதியை ஒட்டி 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்ற பெயரைத் தாங்கிய படைப்பிரிவுகளில் ஒன்று 234ஆம் ஸ்பிட்ஃபயர் படைப்பிரிவு. அதன் தலைவர் ஓ'பிரையனும், ஆஸ்திரேலியரான பாட் ஹியூஸும் செப்டம்பர் 7 அன்று ஒரே நாளில் மாண்டனர். ஹியூஸ் வீழ்ந்த சன்ட்ரிட்ஜ் கிராமம் பிகின் ஹில்லிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வேலிகளும் சிறு தோப்புகளும் சாய்ந்த வயல்களுமாக இருக்கும் அந்த நிலத்தின்மேல் நான் பலமுறை பறந்திருக்கிறேன், உல்லாசமாக ஒருமுறைகூட இருந்ததில்லை.

அடுத்த பயணத்துக்கு ஹார்ன்சர்ச்சைத் தேடிப் பாருங்கள். மார்க் 9 முதன்முதலில் வந்து சேர்ந்தது அங்கிருந்த 64ஆம் படைப்பிரிவுக்குத்தான். அந்த வகையில் உங்கள் விமானத்தின் சொந்த ஊர் அது. விமானத்தளம் 1962இல் மூடப்பட்டது. சிமுலேட்டரில் ஓடுபாதை தெரியாது. கேனரி வார்ஃபிலிருந்து தேம்ஸின் வடகரையைப் பிடித்துக் கிழக்கே செல்லுங்கள், சில நிமிடங்களில் இடப்பக்கம் வீடுகளுக்கு நடுவே நீண்ட பசுமையான திடல் ஒன்று வரும். அதை உங்களால் அடையாளம் காண முடிந்ததா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்